பதில் சொல்லாத வண்டி

என் தங்கையின் கணவருக்கு வயிற்றெரிச்சல் ஒரு நோய் அல்ல, அன்றாட வேலை. பல் தேய்க்கிற மாதிரி, காலையில் எழுந்ததும் ஆரம்பித்துவிடுவார். எங்கள் ஊர் போலீஸ் வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறை என் பொறுப்பில் இருப்பதால், அதில் முக்கால்வாசி என் காதில்தான் வந்து விழும்.

"மச்சான், எட்டாம் நம்பர் வண்டிக்கு மட்டும் புது டயர் போட்டிருக்கீங்களே, எங்க ஏழாம் வண்டி என்ன பாவம் பண்ணுச்சு?"

"அது ஆணி ஏறிக் கிழிஞ்சுபோச்சு மாப்பிள்ளை. உங்க டயர் நல்லாத்தானே இருக்கு."

"ஆணி கூட அவனுக்குத்தான் கிடைக்குது பாருங்க."

இப்படிப்பட்ட ஆளோடு என்ன பேசுவது? துறையில் அவருக்கு 'சைரன்' என்று பேர். ஆள் வருவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும். ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. மழையில் நின்றுபோன வண்டியை முழங்கால் தண்ணீரில் இறங்கித் தள்ளிவிடுவார். கடைத்தெருவில் குழந்தை தொலைந்தால் அதன் அம்மாவை விட அதிகமாகக் கத்திக் கண்டுபிடித்துவிடுவார். அவருக்குத் தெருவில் சுற்ற வேண்டும். நாற்காலி போட்டு உட்கார வைத்தால் ஒரு மணி நேரத்தில் கால் மரத்துப்போய்விடும் என்பார்.

எங்களுடையது சின்ன ஊர். போலீஸ் என்று மொத்தமாகக் கணக்கெடுத்தால் ஐம்பது பேர் தேறமாட்டார்கள். ஆனால் ஏற்பாட்டைப் பார்த்தால் ஒரு தேசத்தையே ஆளலாம். நிலையத்தின் முன் அறையில் கண்ணாடி போட்டு ஒரு படம் மாட்டியிருக்கிறார்கள், கட்டம் கட்டமாக. உச்சிக் கட்டத்தில் தலைமை அதிகாரி இருப்பார் என்று நினைப்போம். இல்லை. 'ஊர் மக்கள்' என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே நகர மன்றம். துறையில் எத்தனை பேர் இருக்கலாம், எத்தனை வண்டி ஓடலாம் என்று மன்றம் முடிவு செய்யும். அதற்கும் கீழே காவல் குழு. மன்றம் பொறுக்கி எடுத்த ஐந்து சாதாரண ஆட்கள்: மருந்துக்கடைக்காரர் ஒருவர், அவர்தான் தலைவர். அப்புறம் பல் டாக்டர் அம்மா, ஒரு வக்கீல், அச்சகம் நடத்துகிறவர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஒருவரும் போலீஸ் வேலை பார்த்தவர்கள் இல்லை. பார்த்திருக்கவும் கூடாது, அதுதான் விதி. தலைமை அதிகாரியை நியமிப்பது, பதவி உயர்வு கொடுப்பது, போலீஸ்மேல் ஊரார் சொல்லும் புகாரைக் கேட்பது எல்லாம் இந்த ஐவர்தான். மருந்துக்கடைக்காரரின் கடைக்குள் நுழையும்போது எங்கள் தலைமை அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். இருமல் மருந்து வாங்கத்தான் போனார்.

தலைமை அதிகாரிக்குக் கீழே இரண்டு துணை அதிகாரிகள். ஒருவர் கையில் ரோந்து. இன்னொருவர் கையில் விசாரணை, கட்டுப்பாட்டு அறை, பிடிபட்ட பொருள்களைப் பூட்டி வைக்கும் பொருள் அறை. ரோந்தில் ஷிப்டுக்கு ஒரு சார்ஜன்ட், அவருக்குக் கீழே காவலர்கள். என் பட்டறை அந்தப் படத்தில் எங்கேயும் கிடையாது. கேட்டால், "நீங்க நகராட்சியோட பொதுப்பணிப் பிரிவு" என்கிறார்கள். அத்தனை வண்டியையும் ஓட வைக்கிறவனுக்கு ஒரு கட்டம் போட மனசு வரவில்லை. எனக்கும் வயிறு எரியும்தான். ஆனால் நான் அதையே தொழிலாக வைத்துக்கொள்ளவில்லை.

என் தங்கையும் இதே துறையில் காவலர். இருவரும் ஒரே நாளில் உறுதிமொழி எடுத்தவர்கள். பயிற்சியில் பழகி, எங்கள் வீட்டில் வந்து பேசி, கல்யாணம் செய்துகொண்டார்கள். அவளுக்கு 'டீச்சர்' என்று பேர். அந்தப் பேரை வைத்ததே மாப்பிள்ளைதான். யாராவது தெருப் பேரைத் தப்பாகச் சொன்னால் அந்த இடத்திலேயே திருத்திவிடுவாள். சிறு வயதிலிருந்தே அப்படித்தான்.

கணவன் மனைவி இருவரும் துறையில் இருக்கலாம். ஆனால் ஒருவருக்குக் கீழே ஒருவர் வேலை செய்யக் கூடாது என்று காவல் குழு விதி போட்டிருக்கிறது. சொந்தக்காரன் சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டுவான் என்று பயம். இருவரும் காவலர்களாக இருந்தவரை அந்த விதி தூங்கிக்கொண்டிருந்தது. யாருக்கும் கீழே யாரும் இல்லை. மாப்பிள்ளை வாழ்க்கையில் ஓரளவு நிம்மதியாக இருந்த காலம் அதுதான். அப்போதும் ஓரளவுதான். கடைத்தெருவில் இவரைப் பார்க்கிறவர்கள், "டீச்சர் வரலையா?" என்று கேட்டால் முகம் சுண்டிவிடும்.

மதிய ஷிப்டு சார்ஜன்டுக்கு முழங்கால் வலி தாங்கவில்லை, ஓய்வு வாங்கிக்கொண்டார். காலியானது ஒரே ஒரு இடம். கூட இன்னொன்று போட மன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. விண்ணப்பம் போட்டவர்கள் மூன்று பேர்: மாப்பிள்ளை, என் தங்கை, அப்புறம் மௌனி. மௌனி என்பவர் எட்டாம் வண்டிக்காரர். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நமக்குக் கொட்டாவி வந்துவிடும். முதலில் எழுத்துத் தேர்வு. பிறகு மூவரும் ஆளுக்குச் சில நாள் தற்காலிகமாக சார்ஜன்ட் பொறுப்பைப் பார்க்க வேண்டும். கடைசியில் காவல் குழு ஊரார் முன்னிலையில் கேள்வி கேட்டு, ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்.

அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைத் தேர்வு நாட்களில் பார்த்திருக்க வேண்டும். இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அவள், நடுவில் உப்பு டப்பா. ஒரே புத்தகத்தின் இரண்டு பிரதிகள். தான் கோடு போட்ட வரி அவள் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று இவர் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு படிப்பார். அவள் பக்கம் புரட்டும் சத்தம் கேட்டால் இவரும் புரட்டுவார், படித்தாரோ இல்லையோ. தேர்வில் அவள் முதலாவதாக வந்தாள், மௌனி இரண்டாவது, இவர் மூன்றாவது.

"எழுதுறது வேற மச்சான், ரோடு வேற" என்றார் என்னிடம்.

"மௌனி கூட ரோட்டுலதானே இருக்கார்?"

"அவனுக்கென்ன, பேசாம மிச்சம் பிடிச்ச நேரத்துல படிச்சுட்டான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். என் தங்கை அடுப்பைத் துடைத்துக்கொண்டே, திரும்பாமல், கேட்டாள்.

"உங்களுக்கு இதுல கஷ்டம்னா சொல்லிடுங்க. நான் பேரை வாபஸ் வாங்கிக்கறேன். எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை."

"எனக்கென்ன கஷ்டம்? நீ தாராளமா நில்லு. யாரு வந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்."

"வாயைத் திறந்து சொன்னா போதும். மனசுக்குள்ள வச்சுக்கிட்டு மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு இருக்காதீங்க."

"அதான் சொல்றேனே, சந்தோஷம்னு!"

சொல்லும்போதே காது மடல் இரண்டும் சிவந்துபோயிருந்தது. அவள் துணி காயப்போட மாடிக்குப் போனதும் என் பக்கம் குனிந்தார்.

"அவ ஜெயிச்சா நான் ரோந்தை விட்டுப் போகணும் மச்சான். விதி அப்படி. ஷிப்டு மாறினாலும் ஆகாது, சார்ஜன்ட்னா ரோந்து மொத்தத்துக்கும் மேலதான். பொருள் அறையில உக்கார வச்சுருவாங்க. காணாமப்போன சைக்கிளுக்கு நம்பர் ஒட்டிக்கிட்டு, ஜன்னல் கூட இல்லாத ரூம்ல, சாகுறவரைக்கும்."

"இதை அவகிட்டயே சொல்லுங்களேன். இப்பத்தானே கேட்டா?"

"பொண்டாட்டிகிட்டப் போய், எனக்காக விட்டுக்கொடும்மான்னு கெஞ்சச் சொல்றீங்களா?"

கெஞ்ச வேண்டாம், சொன்னால் போதும் என்றுதான் அவளும் சொன்னாள். ஆனால் இவருக்கு அவள் தானாக விட்டுக்கொடுக்க வேண்டும். இவர் கேட்காமல், இவருக்குத் தெரியாமல், இவருக்காக என்றும் சொல்லாமல். அப்படி ஒரு மனைவி எந்த ஊரில் கிடைப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு பொறாமைக்கு வேறு வேறு கிளை முளைத்தது. மருந்துக்கடைக்காரர் என் தங்கைக்கு வேண்டியவர் என்று ஒரு நாள் கண்டுபிடித்தார். "தலைவலி மாத்திரை வாங்கப் போனா அவளை உக்காரச் சொல்லி ஸ்டூல் போடுறார் மச்சான். எனக்கு ஒரு நாளாவது ஸ்டூல் போட்டிருக்காரா?" என்றார். அன்றிலிருந்து ஊரின் மறுகோடியில் இருக்கும் கடைக்குப் போய் மாத்திரை வாங்கினார். தலைவலி இவருக்கு அதிகமாகியிருந்ததால் அலைச்சலும் அதிகமானது. பல் டாக்டர் அம்மாவிடம் அவள் போன வருஷம் சொத்தைப் பல் பிடுங்கிக்கொண்டதையும் கணக்கில் சேர்த்தார். பல்லைக் கொடுத்துப் பதவி வாங்குகிறாள் என்று அவர் சொல்லாததுதான் குறை.

தற்காலிகப் பொறுப்பு முதலில் இவருக்குத்தான் வந்தது. வண்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வானொலியில் விடாமல் பேசினார். கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் அக்கா காதில் மாட்டும் கருவியைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார், அப்படியும் கேட்டதாம். மௌனியின் முறை வந்ததும் போனதும் யாருக்கும் தெரியாது. மூன்றாவதாக என் தங்கை. கணவன் மேல் அவளுக்கு அதிகாரம் இருக்கக் கூடாதே, அதனால் அந்த நாட்களில் மட்டும் மாப்பிள்ளை நேரே துணை அதிகாரிக்குக் கீழே என்று ஏற்பாடு செய்தார்கள். ஏற்பாடு காகிதத்தில் இருந்தது. வானொலியில் வந்தது அவள் குரல்தான். அவள் எதைச் சொன்னாலும் மற்ற வண்டிகள், "சரி சார்ஜன்ட்" என்றன. அந்த 'சார்ஜன்ட்' இவர் காதில் ஊசியாக இறங்கியது.

ஒரு நாள் வண்டியைப் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்.

"வானொலியைக் கொஞ்சம் பாருங்க மச்சான். இதுல அவ குரல் மட்டும் அதிக சத்தமா வருது."

பார்த்தேன். எல்லார் குரலும் ஒரே அளவில்தான் வந்தது.

இப்போது அந்த மதியத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சார்ஜன்ட் அவ்வப்போது ஒவ்வொரு வண்டியாகக் கூப்பிடுவார். வண்டிக்காரர் தான் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். மூன்று முறை கூப்பிட்டும் ஒரு வண்டி பதில் சொல்லாவிட்டால், அதில் இருப்பவருக்கு ஆபத்து என்று அர்த்தம். கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு மற்றவர்கள் ஓடுவார்கள். சார்ஜன்ட் மட்டும் ஓடக் கூடாது. அவர் இருந்த இடத்தில் இருந்து, யார் எந்தத் தெரு வழியாகப் போவது, ஊரைப் பார்த்துக்கொள்ள யார் நிற்பது என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குத்தான் சார்ஜன்ட்.

அன்று மாப்பிள்ளை, பூட்டிக் கிடக்கும் பழைய மாவு ஆலையின் கேட் திறந்திருக்கிறது, உள்ளே போய்ப் பார்க்கிறேன் என்று தகவல் சொன்னார். தெருவின் பேரைச் சொல்லவில்லை.

"ஏழு, தெருப் பேரையும் சேர்த்துச் சொல்லுங்க" என்றாள் என் தங்கை. அவ்வளவுதான் சொன்னாள். என் பட்டறை மேஜையிலும் ஒரு வானொலி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அப்போது யாரோ ஒரு குறும்புக்காரர் ஒலிவாங்கியின் பொத்தானை இரண்டு தரம் அழுத்தினார். டிக், டிக். வானொலியில் சிரிக்கக் கூடாது என்பதால் போலீஸ்காரர்கள் இப்படித்தான் சிரிப்பார்கள். உடனே இன்னொரு வண்டியிலிருந்தும் டிக், டிக். மாப்பிள்ளை தெருப் பேரைச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது அத்தனை பேருக்கும் கேட்டது.

ஆலைக்குள் யாரும் இல்லை. காற்றில் திறந்த கேட். அதைக் கட்டிவிட்டு, அந்தத் தகவலைச் சொல்லாமல், வண்டியை ஆலை மதிலின் நிழலில் நிறுத்தி, வைத்திருந்த பன்னைப் பிரித்தார். அந்த நேரத்தில்தான் அவள் வரிசையாகக் கூப்பிட ஆரம்பித்தாள். ஐந்து பதில் சொன்னது. ஆறு பதில் சொன்னது.

"ஏழு."

இவருக்குக் கேட்டது. பன்னை மென்றுகொண்டிருந்தார். காத்திருக்கட்டும் என்று நினைத்தாராம்.

"ஏழு, பதில் சொல்லுங்க."

இரண்டாவது முறை அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. எனக்கே தெரிந்தது. கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். அவளைத் தவிக்க வைத்ததில் இவருக்கு ஒரு திருப்தி. மூன்றாவது தடவைக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்ததாக என்னிடம் பிறகு சொன்னார். விதி தெரிந்தவர் அல்லவா, மூன்று வரைக்கும் நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

மூன்றாவது அழைப்பு வரவே இல்லை. அவள் ஒலிவாங்கியைப் போட்டுவிட்டு ஓடிவிட்டாள்.

நானும் இழுவை வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவள் வண்டிச் சத்தம் கேட்டு மற்றவர்களும் கிளம்பிவிட்டார்கள், ஊரின் நாலா பக்கத்திலிருந்தும் சைரன் சத்தம். நான் போய்ச் சேர்ந்தபோது, அவள் வண்டி கதவு திறந்தபடி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, தெருவுக்குக் குறுக்கே நின்றது. அவள்தான் எல்லாருக்கும் முன்னால் வந்திருந்தாள். தலையில் தொப்பி இல்லை. இவரை வண்டியிலிருந்து வெளியே இழுத்து நிறுத்தி, கழுத்து, தோள், வயிறு என்று இரண்டு கையாலும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே ரத்தம் என்று தேடுகிறாள். இவர் கையில் பாதி பன்.

"ஒண்ணுமில்லையே? ஒண்ணுமில்லையே உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. விடு."

"அப்புறம் ஏன் பதில் சொல்லலை?"

"அது... வானொலி சத்தம் குறைஞ்சு இருந்திருக்கு."

அவள் குனிந்து வண்டிக்குள் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து வானொலியில் ஐந்தாம் வண்டியும் ஆறாம் வண்டியும் ஒரே சமயத்தில், "ஏழு கிடைச்சாச்சா, ஏழு கிடைச்சாச்சா?" என்று கத்தின. சற்றுத் தள்ளி நின்ற எனக்கே கேட்கும் அளவுக்குச் சத்தம். இவர் வண்டி ஒலிவாங்கியையே எடுத்து, "ஏழு பத்திரமா இருக்கு. எல்லாரும் அவங்கவங்க இடத்துக்குப் போங்க" என்று சொன்னாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. பிறகு தன் வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

அந்த இடைவெளியில் கடைத்தெருவில் ஒரு பஸ்ஸும் வேனும் மோதிக்கொண்டிருந்தன. உயிர்ச் சேதம் இல்லை. ஆனால் அடிபட்டவர்கள் நடுத்தெருவில் உட்கார்ந்திருக்க, போவதற்கு ஒரு போலீஸ் வண்டி இல்லை. எந்த வண்டியை அங்கே அனுப்புவது என்று சொல்ல யாரும் இல்லை. விஷயம் நேரே காவல் குழுவுக்குப் போயிற்று.

அன்று மாலையே மாப்பிள்ளை பட்டறைக்கு வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"ஸ்பீக்கர் வயர் லூஸா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மச்சான். உங்க வாயால சொன்னா நம்புவாங்க."

"யாரு நம்புவாங்க? என் தங்கச்சி அந்தச் சத்தத்தைக் காதால கேட்டுட்டுப் போயிருக்கா. அவகிட்டப் போய் வயர் லூஸுன்னு சொல்வீங்களா?"

துணை அதிகாரி கேட்டபோது, வானொலி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளைக்கு எழுத்தில் கண்டனம், சில நாள் சஸ்பென்ஷன். சார்ஜன்ட் போட்டியிலிருந்து பேரை எடுத்துவிட்டார்கள். ரோந்திலிருந்து எடுக்கவில்லை, அந்த மட்டும் தப்பித்தார். கவனக்குறைவு என்று எழுதிக்கொடுத்துவிட்டார். வேண்டுமென்றே பேசாமல் இருந்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லை, என்னைத் தவிர. வீட்டில் அவளும் கேட்கவில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டாள். தேய்த்த சீருடையை எடுத்து வைத்தாள். இவர் வாய் திறப்பார் என்று அவள் காத்திருந்ததை நான் பார்த்தேன். இவர் பார்க்கவில்லை. இவர் கவலை வேறு. "இனிமே அவளுக்கும் மௌனிக்கும் மட்டும்தான் போட்டி. அவன் எங்க ஜெயிக்கப்போறான்? அவதான் சார்ஜன்ட்" என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

நகர மன்றக் கூடத்தில் காவல் குழு கூடிய மாலை, ஊரில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். நானும் மாப்பிள்ளையும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். என் தங்கை சீருடையில் முன்னால் நின்றாள். மருந்துக்கடைக்காரர் நல்ல மாதிரிதான் பேசினார். பஸ் டிரைவர்தான் பிடித்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்கக் கண்ணாடியில் பின்னால் பார்த்தே பழகிய ஆள், எதையும் விடமாட்டார்.

"சார்ஜன்ட் பொறுப்புல இருக்கறவங்க எடத்தை விட்டுப் போயிட்டா, மத்த வண்டிகளை யாரும்மா பாக்கறது?"

"யாரும் இல்லைங்க. அது என் தப்பு."

"மூணாவது தடவை கூப்பிட்டீங்களா?"

"இல்லைங்க."

"ஏன்?"

"ரெண்டாவது தடவைக்கு மேல என்னால உக்கார முடியலைங்க" என்றாள்.

வக்கீல் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "அது ஏழாம் வண்டியா இல்லாம வேற வண்டியா இருந்திருந்தா?"

பொய் சொல்லியிருக்கலாம். எல்லா வண்டியும் எனக்கு ஒன்றுதான் என்று சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பார்கள். அவள் நிஜமாகவே யோசித்தாள்.

"மூணு தடவை கூப்பிட்டிருப்பேன். எடத்தை விட்டுப் போயிருக்க மாட்டேன்."

மருந்துக்கடைக்காரர் மெதுவாகக் கேட்டார்: "அவர் ஏன் பதில் சொல்லலைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அதை அவர்தாங்க சொல்லணும்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மாப்பிள்ளையின் விலாவில் இடித்தேன். "எந்திரிங்க. எந்திரிச்சு, என்மேலதான் தப்பு, அவ எனக்காகத்தான் ஓடிவந்தான்னு சொல்லுங்க."

"விசாரணைதான் முடிஞ்சுபோச்சே மச்சான். இப்ப எதுக்கு அதை..." என்று தன் ஷூவைப் பார்த்துக்கொண்டார். சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. தங்கை புருஷன் என்று கையை அடக்கிக்கொண்டேன்.

ஐந்து பேரும் பக்கத்து அறைக்குப் போனார்கள், வந்தார்கள். மருந்துக்கடைக்காரர் படித்தார். தேர்வில் முதலிடம், நடத்தையில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும், ஒரு வண்டிக்காக மொத்த ஊரையும் விட்டுவிட்டு ஓடியவரிடம் இப்போதைக்கு ஒரு ஷிப்டை ஒப்படைக்க முடியாது. அதனால் மௌனி. மௌனி எழுந்து நின்றார், யாரோ திட்டிவிட்ட மாதிரி.

நான் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு என்று அதைச் சொல்லலாமா? உதட்டோரம் மேலே போயிற்று. பல வாரமாகத் தூக்கி வைத்திருந்த தோள் இறங்கியது. ரோந்து தப்பித்தது, ஏழாம் வண்டி தப்பித்தது, மனைவி தன் தலைக்கு மேலே போகவில்லை. அத்தனையும் அந்த முகத்தில் ஓடியது. அடுத்த கணமே சோகத்தை எடுத்து மாட்டிக்கொண்டுவிட்டார்.

ஆனால் பேர் படித்த அந்தக் கணத்திலேயே என் தங்கை திரும்பியிருந்தாள். அடி விழுந்தால் நாம் நம் மனுஷரைத்தானே தேடுவோம்? அப்படித்தான் தேடினாள். அவள் கண்ணில் என்ன பட்டது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் அவள் முகத்தையும் பார்த்தேன்.

திரும்பும்போது பட்டறை வேனில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இவர் பின்னால், உதிரிபாகப் பெட்டிகளுக்கு நடுவே.

"விடு. அடுத்த தடவை பாத்துக்கலாம். எனக்கே ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்றார் பின்னாலிருந்து.

"எனக்காக நீங்க கஷ்டப்படாதீங்க" என்றாள். "அது மட்டும் வேண்டாம்." அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால் இவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வருஷத்துக்கு ஒரு முறை காவலர்கள் தங்கள் ஷிப்டைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம். சீனியர் முதலில். ஒரே நாளில் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி மதிப்பெண் கணக்கு, அதனால் என் தங்கைக்குப் பிறகுதான் மாப்பிள்ளை. "மதியம்தானே எடுக்கறே? ஒண்ணாப் போய் ஒண்ணா வரலாம்" என்று அவளிடம் சொல்லியிருந்தார். அவள் காலை ஷிப்டை எழுதினாள். இவருக்குக் காலையில் இடம் மிஞ்சவில்லை. இவர் கிளம்பும்போது அவள் வருகிறாள், இவர் வரும்போது அவள் தூங்குகிறாள். சண்டை என்று ஒன்றும் இல்லை. சாப்பாடு மூடி வைத்திருக்கும்.

போன வாரம் ஷிப்டு மாறும் நேரத்தில் மாப்பிள்ளை பட்டறைக்குள் வந்தார். வெளியே முற்றத்தில் காலை ஷிப்டுக்காரர்கள் வண்டிகளை ஒப்படைத்துவிட்டு நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் என் தங்கை. அவர்களுடைய சார்ஜன்ட் ஏதோ சொல்ல, அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நான் ஒரு எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தேன், எனக்கே கேட்டது.

"அந்த ஆள் அப்படி என்னதான் ஜோக் சொல்றான்னு தெரியலை மச்சான்" என்றார், ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நான் பக்கத்துல போனா நிறுத்திடறா. வீட்டுல என்கிட்ட ஒரு தடவை சிரிச்சு எத்தனை நாளாச்சு. நான் என்ன பண்ணேன்? அவளுக்குப் பதவி கிடைக்கலைன்னு நான்தான் எல்லாரையும் விட அதிகமா வருத்தப்பட்டேன்."

இதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

"அன்னிக்கு மன்றத்துல மௌனி பேரைப் படிச்சாங்களே, அப்ப அவ யாரைப் பாத்தான்னு நினைக்கிறீங்க?"

"மருந்துக்கடைக்காரரை."

நான் இல்லையென்று தலையசைத்தேன். அவர் முகம் வெளிறிப்போவதை நின்று பார்த்தேன்.

"பாத்துட்டாளா?" என்றார்.

"முதல்ல உங்களைத்தான் பாத்தா, மாப்பிள்ளை."